முத்திரையிட்ட கை

மருத்துவப் புதுப்பொருள் ஆய்வுக் கழகத்தின் தென்மண்டலக் கிளை திண்டுக்கல்லுக்கு எதற்காக வந்தது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மதுரையில் இடம் கிடைக்கவில்லை என்பார் ஒருவர். கொடைரோடு பக்கத்தில் இருப்பதால், வெயில் ஏறினால் மலையேற வசதி என்று அதிகாரிகளே கேட்டு வாங்கி வந்தார்கள் என்பார் இன்னொருவர். எப்படியோ, 1959-ல் ஒரு காலி பங்களாவில் பலகை தொங்கியது. பலகைக்குக் கீழே மலைச்சாமி என்ற பியூன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மூன்று வருஷத்தில் பலகைக்கு இரண்டு தடவை பெயிண்ட் அடித்தார்கள். மருந்து என்று ஒன்று அந்த வாசலைத் தாண்டி வெளியே வந்ததை யாரும் பார்த்ததில்லை.

இதில் கழகத்துக்கு வருத்தம் ஏதும் கிடையாது. இயக்குநர் கண்ணுசாமி ஆண்டு விழாவில் மாலையைக் கழற்றாமலேயே பேசினார்: “நாம் அனுமதித்த எந்த மருந்தாலும் இதுவரை ஒரு உயிர்கூடப் போனதில்லை. இந்தச் சாதனையைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டுமானால், இனிமேலும் எதையும் அனுமதிக்காமல் இருக்கும் மனவுறுதி நமக்கு வேண்டும்.” கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கைதட்டியவர்கள் எல்லாரும் அங்கே சம்பளம் வாங்குகிறவர்கள்தான்.

பேகம்பூர் நூர் அகமதுவுக்கு 1962 ஆடி மாதம் வரை இந்தப் பங்களாவின் வாசல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் வச்சிரம், மரம் ஒட்டுகிற தோல் பசை. தோல் பதனிடும் ஷாப்புகளில் கழித்துப் போடுகிற ஆட்டுத்தோல் துண்டுகளை அள்ளி வந்து, சுண்ணாம்பு போக ஏழு தண்ணீரில் அலசி, அண்டாவில் போட்டுக் காய்ச்சுவார். கடைசிச் சூட்டில் இறங்கும் கறுப்புப் பாகு ஆசாரிகளுக்குப் போகும். அவர் வச்சிரம் போட்டு ஒட்டிய கதவைப் பிரிக்க வேண்டுமானால் வீட்டைத்தான் இடிக்க வேண்டும் என்று ஆசாரிகள் சொல்வார்கள். முதல் சூட்டில் இறங்குகிற பாகு வேறு ஜாதி. தட்டில் ஊற்றி ஆறவைத்தால் நோன்புக் காலத்துக் கடல்பாசி இனிப்பு மாதிரி தெளிவாக உறைந்து ஆடும். ஆனால் வெயில் ஏறினால் உருகி ஓடிவிடும்.

ஒருநாள் ஷாப்பில் ஆவாரம்பட்டை ஊறல் தொட்டி தளும்பி, பக்கத்தில் வைத்திருந்த ஒரு தட்டின் மேல் கொஞ்சம் சிந்திவிட்டது. மறுநாள் உச்சிவெயிலில் மற்ற தட்டுகள் எல்லாம் தண்ணீராகிக் கிடந்தன. அந்த ஒரு தட்டு மட்டும் உருகவில்லை. எடுத்து இழுத்தார், ரப்பராட்டம் நீண்டது. வெந்நீரில் போட்டார், தண்ணீரைக் குடித்து ஊதியதே தவிரக் கரையவில்லை. “தோலுக்குப் பதம் குடுக்குற பட்டை, தோலு பெத்த பாகுக்கும் பதம் குடுக்குதுடா” என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். எதற்கு ஆகும் என்று தெரியாமலே பட்டையின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தார். காயாமல் இருக்க மருந்துக் கடையில் கிளிசரின் வாங்கி ஊற்றினார். மூன்று மாதத்தில் கண்ணாடிபோல, உள்ளங்கை கனத்தில், குளுகுளுவென்று ஒரு வில்லை வந்தது.

அது எதற்கு ஆகும் என்பது ஆடி மாதம் தெரிந்தது. மதியச் சோறு கொண்டுவந்த அவர் மனைவி சர்புன்னிசாவின் பக்கத்தில் அடுப்புக் கல் சரிந்து, அண்டா கவிழ்ந்தது. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வலது கை வெந்துவிட்டது.

சர்புன்னிசா தையல்காரி. பேகம்பூரில் பாதிப் பெண்களின் ரவிக்கை அவள் மிஷினில்தான் உருவாகும். அந்தக் கை போனால் அவளுக்கு மற்றது எதுவும் இருந்தும் பயனில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து தடவித் துணி சுற்றி அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்துத் துணியைப் பிரித்தபோது அதோடு தோலும் வந்தது. அவள் போட்ட சத்தத்தில் நூர் அகமது வாசலுக்கு ஓடி வந்து நின்று அழுதார். வீட்டுக்கு வந்ததும் வில்லை ஒன்றை வெந்நீரில் அலசி எடுத்தார்.

“இது ஒட்டாது சர்பு. ஒட்டாத மாதிரி செஞ்சிருக்கேன்.”

“ஊரெல்லாம் ஒட்டுறதுக்குக் காய்ச்சுறீக, பொண்டாட்டிக்கு மட்டும் ஒட்டாததா?” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. ஆனாலும் கையை நீட்டினாள்.

வில்லை பட்டதும் எரிச்சல் அடங்கியது. மறுநாள் எடுத்தபோது நோகாமல் வந்தது. உள்ளே புண் எப்படி இருக்கிறது என்பதும் பிரிக்காமலே தெரிந்தது. தினமும் புது வில்லை. பத்தாவது நாள், பெரிய ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த நல்லுசாமி பார்க்க வந்தார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போய், மறுநாள் திரும்பி வந்தார்.

“பாய், எங்க வார்டுல இப்ப ஏழு பொம்பளைக கெடக்குதுக. கட்டுப் பிரிக்கிற நாளு வந்தா எனக்கே குலை நடுங்குது. பெரிய டாக்டரம்மா கிட்டச் சொன்னேன். கழகத்துல ஒரு சீட்டு வாங்கியாரச் சொல்லு, நாளைக்கே போடுறேன்ங்கறாக.”

“ஒரு சீட்டுத்தான?”

“ஒரு சீட்டுத்தான்” என்றார் நல்லுசாமி, பாவம், நல்ல மனுஷர்.

நூர் அகமது ஒரு தூக்குச்சட்டியில் நாலு வில்லைகளைப் போட்டுக்கொண்டு பங்களாவுக்குப் போனார். மலைச்சாமி ஒரு படிவம் கொடுத்தார். அதில் முதல் கேள்வி: பொருள் திடமா, திரவமா?

நூர் அகமது தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு படிவத்தைப் பார்த்தார். “ரெண்டுந்தாங்க” என்றார்.

“ரெண்டுக்கும் தனித்தனிக் கட்டந்தான் பாய் இருக்கு. ஒண்ணுல டிக் போடுங்க. திடம்னா இடது கைப்பக்க ரூமு, திரவம்னா வலது கைப்பக்கம்.”

இடதுபக்க அறையில் திடப்பொருள் பிரிவு அதிகாரி இருந்தார். வில்லையை மேஜையில் வைத்து ரூல்தடியால் தட்டினார். “திடம் என்றால் சத்தம் கேட்க வேண்டும். இது தலையாட்டுகிறது. அடுத்த அறைக்குப் போங்கள்.” வலதுபக்க அறையில் திரவப்பொருள் பிரிவு அதிகாரி அதை ஒரு டம்ளரில் போட்டுக் கவிழ்த்தார். “திரவம் என்றால் கொட்ட வேண்டும். இது அடம்பிடிக்கிறது. அந்த அறைக்கே போங்கள்.” நூர் அகமது அன்றைக்கு இரண்டு அறைகளுக்கும் நடுவில் பதினொரு முறை நடந்தார். பன்னிரண்டாவது முறை நடப்பதற்குள் மணி ஐந்தாகிவிட்டது.

விஷயம் இயக்குநர் வரை போனது. அவர் மூன்று நாள் யோசித்து, கழகத்தின் சரித்திரத்திலேயே இல்லாத விதமாக ஒரு முடிவெடுத்தார். நிலைமை தெளிவாகும்வரை மேற்படி மாதிரி காலையில் திடப்பொருள் அலமாரியிலும், மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு திரவப்பொருள் அலமாரியிலும் வைக்கப்படும். அலமாரி மாற்றும் பொறுப்பு மலைச்சாமிக்கு. அதற்கு ஒரு நோட்டும் போட்டார்கள்.

அதற்கிடையில் இன்னொரு தாள் வந்தது. ஆட்டுத்தோலில் செய்த பொருள் என்பதால், சம்பந்தப்பட்ட ஆடு சாகும்போது பூரண ஆரோக்கியத்துடன் இருந்ததற்கு அதன் உடைமையாளரிடமிருந்து சான்று வேண்டும். நூர் அகமது வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தைக்கு பஸ் ஏறினார். ஆயிரம் ஆடு கத்துகிற இடத்தில், செத்துப்போன ஒரு ஆட்டின் சொந்தக்காரரை எங்கே தேடுவது? கடைசியில் வியாபாரி ஒருவர் சிரித்தபடியே கைநாட்டு வைத்தார்.

“கத்தி படுற வரைக்கும் நல்லாத்தான அப்பு இருந்துச்சு. அதுக்கப்புறந்தான் கொஞ்சம் முடியாமப் போச்சு. அப்பிடியே எழுதிக்கங்க.”

அப்படியே எழுதிக் கொண்டுபோனார். கழகம் அதை மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டது. அவர்கள் ஏற்றுக்கொண்ட ஒரே தாள் அதுதான்.

பதினெட்டாவது கேள்வியில்தான் நூர் அகமது மாட்டிக்கொண்டார். ‘இப்பொருள் இதற்கு முன் எவர் மீதாவது பயன்படுத்தப்பட்டதா?’ பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். ‘என் சம்சாரம் கையில் போட்டு வருகிறேன். முக்கால்வாசி ஆறிவிட்டது’ என்று எழுதினார்.

கழகமே எழுந்து நின்றது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர்களுக்கு நிஜமான ஒரு புண் கிடைத்திருக்கிறது. அது பாட்டுக்கு ஆறிக்கொண்டிருக்கிறது! மறுநாளே ஜீப் பேகம்பூருக்கு வந்தது. இயக்குநர், இரண்டு பிரிவு அதிகாரிகள், மெழுகுவத்தி, அரக்கு, பித்தளை முத்திரையோடு மலைச்சாமி. சர்புன்னிசா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தையல் மிஷின் பக்கத்தில் நின்றாள். இயக்குநர் உத்தரவைப் படித்தார்:

“மேற்படி புண் இன்று முதல் கழகத்தின் ஆய்வுப்பொருளாகிறது. முழுக் குழு நேரில் பார்வையிடும்வரை அது இப்போதுள்ள நிலையிலேயே பராமரிக்கப்பட வேண்டும். கூடவோ குறையவோ கூடாது.”

நூர் அகமதுவுக்குப் புரியவில்லை. “ஆறக் கூடாதுங்கறீகளா?”

“ஆறலாம். முறைப்படி ஆற வேண்டும். நாங்கள் பார்க்காமல் ஆறினால், அது ஆறியது என்பதற்கு என்ன ஆதாரம்? அம்மா, நீங்கள் சாதாரண நோயாளி அல்ல. விஞ்ஞானத்தின் நுழைவாயில். நுழைவாயில் என்றால் பூட்டித்தான் வைக்க வேண்டும்.”

வில்லையின் மேல் துணியைச் சுற்றினார்கள். துணியின் மேல் நூலைக் கட்டினார்கள். முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, மணிக்கட்டில் ஒன்று, முழங்கையில் ஒன்று என்று இரண்டு முத்திரை குத்தினார்கள். முத்திரையை உடைத்தால் ஆறு மாதம் ஜெயில் என்று திடப்பொருள் அதிகாரி சொன்னார். எட்டு மாதம் என்று திரவப்பொருள் அதிகாரி திருத்தினார். திங்கட்கிழமை குழு வரும் என்று சொல்லிவிட்டு ஜீப் கிளம்பியது.

திங்கட்கிழமை குழு வரவில்லை. நூர் அகமது பங்களாவுக்கு ஓடினார். மலைச்சாமி ரகசியக் குரலில் விளக்கினார்: “ஜீப்புல முன்சீட்டு சம்பந்தப்பட்ட பிரிவு அதிகாரிக்குத்தான் பாய். உங்க வில்லை எந்தப் பிரிவுன்னு இன்னும் முடிவாகலைல்ல? ரெண்டு பேரும் முன்னாடி ஏறி உக்காந்துட்டாக. டிரைவரு எறங்கிப் போயிட்டான்.”

புதன்கிழமை போனார். குழுவில் போதுமான ஆள் சேரவில்லை, கோரம் இல்லை என்றார்கள். வெள்ளிக்கிழமை போனார். குழு முழுவதும் கொடைக்கானல் போயிருந்தது. குளிர்ப் பிரதேசத்தில் தீக்காயம் ஏன் குறைவு என்று பார்வையிடப் போனார்களாம். நூர் அகமதுவுக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. வீட்டிலிருந்து பங்களா, பங்களாவிலிருந்து வீடு. அண்டாவில் பாகு தீய்ந்தது. ஆசாரிகள் வந்து திட்டிவிட்டுப் போனார்கள். தொழுகையில்கூட எத்தனை ரக்அத் ஆயிற்று என்று மறந்துபோனது. செருப்பு ஒரு பக்கம் தேய்ந்து, நடையே கோணலாகிவிட்டது.

சர்புன்னிசா முதலில் அரிக்கிறது என்றாள். பிறகு இழுக்கிறது என்றாள். பிறகு கையைத் தலையணை மேல் வைத்துச் சுருண்டு படுத்துவிட்டாள். தினமும் மாற்ற வேண்டிய வில்லை உள்ளே காய்ந்து சுருங்கி, கையைப் பிடித்து இறுக்கத் தொடங்கியிருந்தது. எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது. துணியிலிருந்து வாடை வந்தது. நூர் அகமது அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சிவப்பு முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. சொந்தப் பெண்டாட்டியின் கை, சொந்தமாகச் செய்த மருந்து, நடுவில் ஒரு சொட்டு அரக்கு. அதைத் தொட அவருக்குப் பயம்.

“செத்த நேரம் பொறு சர்பு. நாளைக்கு வந்துருவாக. இன்ஷா அல்லாஹ்.”

“அல்லா நாடிருவான். அந்த ஜீப்பு நாடணும்ல?” என்றாள்.

ஒன்பதாம் நாள் காலை அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பங்களாவுக்குக் கிளம்பும்போது, உள்ளே கிறீச்சென்று ஒரு சத்தம். சர்புன்னிசா இடது கையில் தையல் கத்தரியைப் பிடித்திருந்தாள். முத்திரை இரண்டும் பிளந்து தரையில் கிடந்தன.

“என்ன வேல செஞ்ச! ஆறு மாசம்டீ!”

“எட்டு மாசம்ங்க. இந்தக் கையி இல்லாம வெளிய இருக்குறதுக்கு, கையோட ஜெயில்ல இருந்துட்டுப் போறேன். நல்லுசாமி அண்ணனக் கூட்டிட்டு வாங்க. ஓடுங்க.”

நல்லுசாமி வந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். வில்லை வச்சிரப் பலகையாகக் காய்ந்து சதையோடு கிடந்தது. பிய்த்தால் அவ்வளவும் வரும். நூர் அகமதுதான் சுதாரித்தார். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, உப்புப் போட்டு, கையை அதில் தாழ்த்தி வைக்கச் சொன்னார். காய்ந்த வில்லை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் குடித்தது. ஒருமணி நேரத்தில் ஊதி, தெளிந்து, பழைய கண்ணாடியாகி, தானே நழுவிப் பாத்திரத்தில் மிதந்தது. நல்லுசாமி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். நூர் அகமது தேம்பித் தேம்பி அழுதார். அதற்குப்பிறகு எந்த உத்தரவையும் கேட்காமல் தினமும் வில்லை மாற்றினார்கள். நல்லுசாமி தினமும் ஆஸ்பத்திரி முடிந்து வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார்.

நாற்பது நாளில் கை ஆறிவிட்டது. மிஷினில் உட்கார்ந்து முதல் ரவிக்கையைத் தைத்தாள். ஆனால் சுண்டுவிரல் மட்டும் மடங்கியபடியே நின்றுவிட்டது. அந்த ஒன்பது நாள் அந்த விரலை எடுத்துக்கொண்டது. துணியைத் திருப்பும்போதெல்லாம் அது குறுக்கே நின்றது. நூர் அகமது அந்த விரல் கண்ணில் படாமலிருக்க மிஷினுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்தார்.

குழு ஐப்பசி மாதம் வந்தது. முன்சீட்டில் யாரும் உட்காருவதில்லை என்று சமரசம் ஆகியிருந்ததால் எல்லாரும் பின்னால் நெருக்கிக்கொண்டு வந்து, சட்டை கசங்கி, கோபமாக இறங்கினார்கள். சர்புன்னிசா கையை நீட்டினாள். இயக்குநர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“புண் எங்கே?”

“ஆறிருச்சுங்க.”

“புண்ணே இல்லையென்றால் மருந்து எதன் மீது வேலை செய்தது? திடப்பொருள் அதிகாரி, உங்கள் கண்ணுக்கு ஏதாவது புண் தெரிகிறதா?”

“புண் ஏதும் இல்லை ஐயா.”

“எழுதுங்கள். மருந்து வேலை செய்ததற்கான ஆதாரம் ஏதும் இல்லை.”

“இந்த விரலு?” என்றார் நூர் அகமது. அவள் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். “இந்த விரலு மடங்கிப் போச்சே, இது உங்க முத்திரையால. இதையும் எழுதுங்க.”

“விரலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. முத்திரை உடைந்தது பற்றித் தனியாக மூன்று பக்கம் எழுதியாகிவிட்டது.” பிறகு இயக்குநர் கருணையோடு அவர் தோளைத் தட்டினார். “மனம் தளர வேண்டாம். கழகம் கதவை அடைத்துவிடவில்லை. அதே அளவில், அதே கையில், இன்னொரு புண்ணை ஏற்பாடு செய்துகொண்டு மனுதாரர் மறுபடியும் விண்ணப்பிக்கலாம். அதுவரை இந்த வில்லையை எவரும் எவர் மீதும் பயன்படுத்தக் கூடாது. கோப்பை மூடுகிறேன். மலைச்சாமி, அரக்கு!”

தையல் மிஷின் பலகை மேல் கோப்பை வைத்து நூல் கட்டினார்கள். மெழுகுவத்தி ஏற்றினார்கள். முத்திரை குத்துவது இயக்குநரின் தனி உரிமை. வேறு யாரும் தொடக்கூடாது. இடது கையால் முடிச்சைப் பிடித்தபடி வலது கையால் அரக்கை உருக்கிக்கொண்டே அவர் பேச்சைத் தொடர்ந்தார்: “பொறுமைதான் விஞ்ஞானத்தின் முதல் படி. வலியைப் பொருட்படுத்தாதவனே...”

கொதிக்கும் அரக்கு முடிச்சைத் தாண்டி அவர் புறங்கையில் வழிந்தது.

“ஐயோ! ஆத்தா! ஏலே மலைச்சாமி, சுடுதுடா, எடுடா, எடுடா!” அதுவரை பேசிய தமிழ் எங்கேயோ போய்விட்டது. அரக்கைப் பிடுங்கியபோது தோலும் வந்தது. அவர் கையை உதறிக்கொண்டு வீட்டுக்குள் வட்டமடித்தார். “ஏப்பா பாய்! அந்த வில்லை இருக்கா? இருந்தா ஒண்ணு வையிப்பா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்!”

“ஐயா, இப்பத்தான் அதுக்குத் தடை எழுதினோம்...” என்றார் திரவப்பொருள் அதிகாரி.

“தூக்கி அடுப்புல போடுய்யா தடைய!”

நூர் அகமது அசையாமல் நின்றார். கொடுக்கவும் மனம் வரவில்லை, மறுக்கவும் வாய் வரவில்லை. சர்புன்னிசாதான் உள்ளே போய்த் தட்டோடு வந்தாள். கத்தரியால் ஒரு துண்டு வெட்டி, வெந்நீரில் அலசி, அவர் புறங்கையில் மெதுவாகப் படியவைத்தாள். இயக்குநரின் மூச்சு சீரானது. கண் சொக்கியது. “அப்பாடா... என்னமா குளுகுளுங்குது” என்றார்.

அவள் தைத்து மிஞ்சிய ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு கிழித்து அதன்மேல் சுற்றி, நூலால் முடிச்சுப் போட்டாள். பிறகு மலைச்சாமி கையிலிருந்த அரக்கையும் மெழுகுவத்தியையும் வாங்கி, ஒரு சொட்டைப் பதமாக முடிச்சின் மேல் மட்டும் விழவிட்டு, பித்தளை முத்திரையை எடுத்து அழுத்தினாள். மடங்கிய சுண்டுவிரல் அவர் கண்ணுக்கு நேரே நின்றது.

“திங்கக்கிழமை வந்து பாக்குறேன்ங்க” என்றாள் மரியாதையாக. “அதுவரைக்கும் ஆறக் கூடாது.”